கெர்னலுக்குள் ரேவதி

எங்கள் நூரம்பர்க் அலுவலகத்தில் யாராவது நன்றாகப் பேசி முடித்தால் கைதட்ட மாட்டார்கள்; விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். வந்த புதிதில் கோபமோ என்று பயந்தேன். பிறகு பழகிவிட்டது. ஆனால் போன வருடம் ஒருநாள் அவர்கள் தட்டியது, திருவண்ணாமலை வேங்கிக்காலில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி திரையில் பேசிய ரேவதிக்காக. நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

நானும் ரேவதியும் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனவர்கள். மார்க் எனக்குத்தான் ஜாஸ்தி. நான் ஜெர்மனிக்கு வந்தேன். அவள் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். வீட்டிலிருந்து வேலை செய்ய எங்கள் நிறுவனம் ஆள் தேடியபோது அவள் பெயரைச் சொன்னதே நான்தான்.

கணினியின் பிராசஸர் எல்லா நிரல்களையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. சாதாரண நிரல்கள் வெளி அடுக்கில் ஓடும். எந்தக் கருவியையும் நேராகத் தொட முடியாது. உள்ளே இருக்கும் கெர்னல் என்ற மைய நிரலிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். கெர்னல் எதையும் தொடலாம். அங்கே ஒரு வரி தவறினாலும் மொத்த இயந்திரமும் நின்றுவிடலாம். அந்த உள்ளடுக்குக்கு எழுதும் வேலை ரேவதிக்கு. அதை வெளியிலிருந்து சோதிக்கும் வேலை எனக்கு.

இப்போது அவள் செய்யும் அந்த வேலையை அவளுக்கு முன்பே கேட்டவள் நான். "ஏன் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார் குழுத் தலைவர் தோமாஸ். நம் ஊர் ஆபீஸில் மனு கொடுங்கள் என்பதுபோல் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். ரேவதி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். கிடைத்துவிட்டது.

பிறகு ஒருநாள் என் சோதனை நிரல் வேண்டுமென்றே தவறான நினைவக முகவரி ஒன்றை அனுப்பியது. ரேவதியின் நிரல் சரிபார்க்காமல் அங்கேயே எழுதியது, இயந்திரம் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வழக்கமாக அவளுக்குத்தான் முதலில் போன் செய்வேன். அன்று குழு முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

"முதலில் ரேவதியிடம் பேசினீர்களா?" என்று கூட்டத்தில் தோமாஸ் கேட்டார்.

"பேசினேன்" என்றேன்.

திரையில் ரேவதி தன் மைக்கை ஆன் செய்தாள். பிறகு, "ஆமாம், பேசினோம்" என்றாள். அன்றைக்கே பிழையைத் திருத்தி, கண்டுபிடித்தவர் என்று குறிப்பில் என் பெயரையும் போட்டாள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?" என்றாள், காபியைக் கையில் கொடுத்து.

"பொறாமைடி" என்றேன்.

"தெரியும். நீ கிளம்பிப் போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு வருஷம் உன் போட்டோ ஒண்ணைக்கூடத் தொறந்து பாக்கல. இப்பதான் கம்மியாயிடுச்சு."

எனக்குக் கம்மியாகவில்லை. அதைச் சொல்லவும் இல்லை.

அவளுக்குக் கூட்ட நேரமானது. கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நூரம்பர்க் அறை திரையில் வந்தது. எல்லோரும் இருந்தார்கள். ஜன்னல் ஓரம் என் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன் முதுகில் நான் மறந்துவிட்டு வந்த ஸ்வெட்டர் தொங்கியது. இங்கே வியர்த்து வழிந்தது. யாராவது அதை எடுத்து மடித்து வைக்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.