யோசபினும் நானும் படம் வரையப் போன கதை

தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு ஆறு நாளும் மூக்குத் துடைத்துவிடுவதுதான் என் பிள்ளைக் காம்பரா உத்தியோகம். ஏழாம் நாள் மட்டுந்தான் நம் முதுகு நமக்குச் சொந்தம். அந்த ஒரு நாளையும் ஒரு சிநேகிதிக்காகத் தொலைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

நோட்டீஸ்

யோசபினுக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த காம்பரா. கொழுந்தெடுப்பவள். இருவருக்கும் ஒரே வயது, நாற்பத்து மூன்று. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'ஞாயிறு சித்திர வகுப்பு, முன்அனுபவம் தேவையில்லை' என்று ஒரு நோட்டீஸைப் பார்த்திருக்கிறாள். நேராகத் தண்ணீர்ப் பீலிக்கு வந்து, துணி துவைத்துக்கொண்டிருந்த என்னிடம், ரெண்டு பேரும் சேருவோம் என்றாள். எனக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. எங்கள் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரைக்கும் அந்த வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். முடியாது என்றேன். என் போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"இருவது வருசமா டூரிஸ்ட்காரங்க வேன நிப்பாட்டி நிப்பாட்டி என்னைய போட்டோ புடிக்கிறாங்க. ஒருத்தராவது அந்தப் படத்தக் காட்டுனாங்களா? என் எடத்த நானே வரைஞ்சுக்கிறேன். நீ தொணைக்கு மட்டும் வா புள்ள."

மூக்கு

வகுப்பு ஒரு மாடி அறையில். சார் எங்களைவிடப் பதினைந்து வயது இளையவர், எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் மேசையில் ஒரு பப்பாசிப் பழத்தை வைத்து வரையச் சொன்னார். பிள்ளை அழுகிற சத்தம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. பத்து நிமிடத்தில் கண் சொருகிவிட்டது. அந்த அரைத் தூக்கத்தில் பக்கத்தில் யாரோ தும்மினார்கள். என் கை தானாக எழுந்து, பிரஷ் துடைக்கிற துணியால் அந்த மூக்கைப் பிடித்து, 'நல்லா சிந்து' என்றும் சொல்லித் துடைத்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எங்களோடு வகுப்பில் சேர்ந்திருந்த, வங்கியில் வேலை பார்க்கிற மிஸ். மூக்கு முழுக்க மஞ்சள் பெயின்ட். எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பரவால்ல அக்கா. எனக்கு இப்படி ஒருத்தர் தொடைச்சுவிட்டு எத்தனையோ வருசமாச்சு."

ஏழாம் நம்பர் மலை

இன்னொரு ஞாயிறு, தேயிலை மலை வரையச் சொன்னார். எல்லாருடைய தாளும் பச்சை. யோசபின் மட்டும் மலை முழுக்க மண் நிறத்தைப் பூசி, நிரை நிரையாகக் கறுப்புக் குச்சிகளை நட்டு வைத்திருந்தாள். ஒரு நிரைகூட மற்றதன் மேல் ஏறவில்லை. சார் குனிந்து பார்த்து, தேயிலை பச்சைதானே அக்கா என்று பக்குவமாகக் கேட்டார். அவளுக்கு அது கேள்வியாகவே படவில்லை.

"இது ஏழாம் நம்பர் மலை சார். கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கி ஒரு மாசந்தான் ஆவுது. இப்பப் போயி பச்சை பூசுனா எங்கள வேலை வாங்குற கண்டாக்கையா சிரிப்பாரு."

ஹோட்டல் சுவர்

முன்பு துரை பங்களாவாக இருந்து இப்போது ஹோட்டலாகிவிட்ட ஒரு கட்டடத்தின் சாப்பாட்டு அறையில், எங்கள் வகுப்புப் படங்களை மாட்டப் போவதாகச் சார் சொன்னார். சந்தோசத்தில் யோசபினுக்குச் சோறு இறங்கவில்லை. வேனில் வருகிறவர்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். இந்த முறை அவள் காட்ட அவர்கள் பார்ப்பார்கள். மூன்று ஞாயிறு உட்கார்ந்து வரைந்தாள். மேலே மலை, கீழே எங்கள் லயம். கூரைத் தகரத்தின் மேல் பாரம் வைத்த கற்கள், கொடியில் துணி, ஒவ்வொரு காம்பராவின் கதவும் அதனதன் நிறத்தில். என் போர்வைகூட இருந்தது.

படங்களைப் பார்க்க வந்த ஹோட்டல் மேனேஜர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். மலை பிரமாதம் என்றார். லயம்தான் வேண்டாமாம், விருந்தாளிகள் இயற்கைக் காட்சி பார்க்க வருகிறவர்களாம். அதை யோசபினிடம் சொல்லச் சாருக்கு வாய் வரவில்லை. என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னா கேப்பாங்க அக்கா. லயத்துக்கு மேல கொஞ்சம் பனி மட்டும் பூசச் சொல்லுங்க, போதும்."

பனி

நானும் சொன்னேன். எனக்குக் கால் வலித்தது, நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்ததில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பூசித் தொலை புள்ள, படம் சுவருக்குப் போனால் போதாதா என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அவள் பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்தாள். முதல் காம்பராவின் கதவு வரைக்கும் கொண்டுபோனாள். அது அவளுடைய கதவு. அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி, உதறி வைத்தாள். தாளைச் சுருட்டிக்கொண்டு சாரிடம் போனாள். குரலை உயர்த்தவேயில்லை.

"காலைப் பனி பத்து மணிக்கெல்லாம் கலைஞ்சிரும் சார். அதுக்கப்புறம் நாங்க எங்க போயி ஒளியிறது?"

அந்தப் படம் இப்போது பிள்ளைக் காம்பராவின் சுவரில் பொலித்தீன் போர்த்தித் தொங்குகிறது. பிள்ளைகள் சோற்றுக் கையோடு வந்து ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கதவைத் தொட்டுக் காட்டுகிறார்கள், தினமும் அதைத் துடைக்கிற வேலையும் என் தலையிலேயே விழுந்திருக்கிறது.