தைத்து மூடிய கட்டம்

யார் எந்தத் தாளை நீட்டினாலும் தையலக்கா முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பஸ் டிக்கெட்டானாலும் சரி. எழுத்து தெரியாது, ஆனாலும் பார்ப்பாள்.

காரணம் இருந்தது. ஊரார் "அவங்க" என்று ஒதுக்கிப் பேசும் ஜனங்களின் சந்து அது. முன்பு ஒருமுறை, காய்ச்சல் கணக்கு என்று சொல்லி வீட்டு எண்ணும் கைநாட்டும் வாங்கிப் போனார்கள். அடுத்த மாதம் அதே பட்டியலோடு வீடுகளை இடிக்க வந்தார்கள்; காலி செய்யச் சம்மதம் என்று அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. அவள் பிறந்த வீடு அப்படித்தான் போனது.

அதனால், தட்டம்மைத் தடுப்பூசி போட நர்ஸ் வந்தபோது சந்து முழுக்கச் சொல்லிவைத்தாள்: "எவளும் கதவைத் திறக்காதீங்க." கடைசி வீட்டுப் பெயிண்டரின் மனைவி மட்டும் ஒரு வயது மகனோடு வாசலில் தயங்கினாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

மூன்றாவது வாரம் நர்ஸ் மறுபடி வந்தாள். பக்கத்துத் தெருவுக்குத் தட்டம்மை வந்துவிட்டது. தையலக்காவின் மகளுக்கு இரண்டு வயது. தையலக்கா நர்ஸின் பதிவேட்டை வாங்கிப் புரட்டினாள்.

"பின்னாடி ஒண்ணுமில்லக்கா."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னானுங்க. வீட்டு நம்பர் எதுக்கு? ஊசி என்ன செவுத்துக்கா போடப்போறே?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பேரும் வயசும் போதும். அந்தக் கட்டத்தை விட்டுடறேன்."

"நீ விட்டுடுவே. ஆபீஸ்ல நிரப்பிட்டா?"

பதில் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்த வீட்டு எண் கட்டத்தை உள்பக்கமாக மடித்தாள். மெஷினில் கொடுத்து, பக்கம் பக்கமாக இரட்டைத் தையல் ஓட்டினாள்.

"என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே!"

"அந்தச் சந்துப் பொம்பளை செஞ்சான்னு சொல்லு. உடனே நம்பிடுவாங்க."

பிறகுதான் மகளை மடியில் உட்காரவைத்தாள். அவள் மகளுக்குப் போட்டதைப் பார்த்துப் பதினோரு கதவுகள் திறந்தன. பெயிண்டர் வீடு பூட்டிக் கிடந்தது. காய்ச்சல் என்று முந்தின நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். வெறும் காய்ச்சல் அல்ல, தட்டம்மை. பையன் பிழைத்தான், காது போய்விட்டது.

அதன்பின் பள்ளி திறக்கும்போதெல்லாம் அந்தப் பையனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டுபோனாள்.

"எங்களுக்கு மட்டும் ஏன்க்கா?" என்பாள் பெயிண்டரின் மனைவி. தெரிந்துகொண்டே கேட்கிறாளோ என்று தையலக்காவுக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம். சட்டையை அவள் கையில் வைத்துவிட்டுச் சொல்வாள்:

"துணி மிச்சமிருந்துச்சு."

பன்னிரண்டு சட்டைகள் தைத்தாள். "அன்னிக்கு உன் கதவை மூடவெச்சது நான்தான்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.