ஜமீலா அக்கா விடாமல் காத்த கடைசிச் சொல்

ஜமீலா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது மனிதக் குரல் அல்ல. நான் பார்வையற்றவன், வரும் செய்திகளை என் கைப்பேசிதான் படித்துக் காட்டும். புதன்கிழமை காலை, அலுவலகத்தில் அழைப்புகளை எடுக்கும் தொலைபேசி மேசையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பார்வையற்றோர் சங்கத்தின் வாட்சாப் குழுவிலிருந்து அது படித்தது: "நமது நீண்டநாள் தொண்டர் ஜமீலா இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார். கூப்பிய கைகள். கூப்பிய கைகள். வாடிய ரோஜா." படங்களையும் அது சொற்களாகத்தான் வாசிக்கும். அனுப்பியவர் சங்கத் தலைவர். 'நீண்டநாள் தொண்டர்' என்று அவர் எழுதியதைக் கேட்டதும், துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. அக்காவை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் அந்தக் கோபத்தின் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு வீடு மஸ்ஜித் தானா என்ற ஊரில். பாயா ரும்புட் ஊரில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் கணக்கெழுதும் கிராணி வேலை. எங்களில் பலருக்குப் பாடங்களும் மருத்துவ உரைகளும் இணையத்தில் காணொளிகளாகத்தான் கிடைக்கின்றன. நடுநடுவே வரும் விளம்பரங்களைத் தள்ளிவிடப் பார்வை இல்லாத கைகள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். அக்கா அந்தக் காணொளிகளை ஒலிக்கோப்புகளாக்கி எங்களுக்கு அனுப்புவார். ஒருமுறை தொட்டால் போதும், கடைசிவரை ஓடும்.

அவரை நான் முதலில் சந்தித்தது சங்கக் கூடத்தில். உளவளத்துணை, அதாவது மனநல ஆலோசனைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். யாரோ மாற்றித் தந்த பாடமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வாயில் தகர டின்னைக் கவிழ்த்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல், "யாரு தம்பி இத மாத்துனது? இது காப்பி எடுத்ததுக்கு மேல காப்பி எடுத்ததுலா," என்றது. அந்த வாரமே அவர் அந்த ஆசிரியரின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அவருக்கு எழுதி அனுமதி வாங்கினார். முதலில் ஏற்றிய காணொளியிலிருந்து ஒலியை எடுத்து அனுப்பினார். ஆசிரியர் தாளைப் புரட்டும் சத்தம்கூட அதில் கேட்டது.

"படத்தக் கழட்டணும், சத்தத்தத் தொடக் கூடாது" என்பதுதான் அக்காவின் ஒரே சட்டம். காணொளியில் உள்ள ஒலி ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. அதை வேறு வகைக் கோப்பாக மாற்றினால் இன்னொரு முறை சுருங்கும். அதனால் அது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே பிரித்து எடுப்பார். எம்பித்ரீ வகைக் கோப்பாக்கி, தரத்தின் எண்ணைக் கூட்டிவைத்தால் போதுமே என்று ஒருவர் சொன்னதற்கு, "கலங்குன தேத்தண்ணிய பெரிய கிளாஸ்ல ஊத்துனா தெளிஞ்சிருமா?" என்று கேட்டார்.

வேலைக்குக் காரில் போகும் வழியில் ஒவ்வொரு கோப்பையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். "தமிழ்ல ஆமாவும் இல்லையும் வாக்கியத்தோட கடைசியிலதான் இருக்கு தம்பி. அங்கதான் எல்லாரும் குரல இறக்குறாங்க" என்று என்னிடம் சொன்னார். அப்போது அது எனக்குச் சுவையான பேச்சாக மட்டுமே பட்டது.

பிறகு சங்கத்தின் கணினிச் சேமிப்பிடம் நிறைந்தது. கோப்புகளைச் சுருக்கி, இரைச்சலையும் தானே நீக்கும் ஒரு செயலியைத் தலைவர் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் அதற்குள் போட்டெடுத்து, அக்காவின் மூலக் கோப்புகளை அழிக்கச் சொன்னார். அக்கா கெஞ்சினார்: "அது தாழ்ந்த சத்தத்தையெல்லாம் இரைச்சல்னு நெனச்சு வெட்டுது தலைவரே." தலைவர் சிரித்தார். "பேச்சுதானே, பாட்டா? புரிஞ்சா போதும்லா."

செர்காம் என்ற ஊரில் எங்கள் சங்க உறுப்பினர் முனியாண்டி மாமா இருக்கிறார். நீரிழிவில் பார்வை போனவர். இன்சுலின் பற்றி ஒரு தாதி பேசிய உரையைச் சங்கம் அவருக்கு அனுப்பியது. புதிய, சுருங்கிய கோப்பு. 'சாப்பிட முடியாத நேரத்தில் சாப்பாட்டு ஊசியை வழக்கம்போல் போட்டுக்கொள்ளக் கூடாது' என்று தாதி சொல்லியிருந்தார். செயலி கடைசிச் சொல்லை வெட்டிவிட்டது. 'வழக்கம்போல் போட்டுக்கொள்ள' என்பதோடு வாக்கியம் நின்றது. காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்த மாமா, போட்டுக்கொள்ளலாம் என்று பொருள்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டார். மகள் வந்து பார்த்தபோது சர்க்கரை மிகவும் இறங்கி, சமையலறைத் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்தார்.

செயற்குழு கூடியது. உறுப்பினனாக நானும் இருந்தேன். "ஃபைல் யாரு செஞ்சது? ஜமீலாதானே?" என்றார் தலைவர். கோப்புகளின் பட்டியலில் அதற்கு நேரே அக்காவின் பெயர்தான் இருந்தது.

"நான் செஞ்சதுல அந்த வார்த்தை இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருந்ததையும் நீங்க சொன்னீங்கன்னுதான் அழிச்சேன்," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் வந்த திசையில் தெரிந்தது. "தம்பி, உன்கிட்ட பழைய காப்பி இருக்குமே? போட்டுக் காட்டேன்."

இருந்தது. என் சட்டைப் பையில், கைப்பேசியில் இருந்தது. அந்த மாதம் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு என் பெயரைத் தலைவர் முன்மொழிந்திருந்தார். நான் சொன்னேன்: "தேடிப் பார்க்கணும்க்கா."

அக்கா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அடுத்த வாரம் சங்கத்தின் தொண்டர் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். நான் செயலாளரானேன்.

பதவியேற்ற அன்றைக்கே அந்தக் கோப்பை வெட்கத்தோடு அவருக்கு அனுப்பினேன். அதை எடுத்துக்கொண்டு அவர் செர்காமுக்குப் போனதை மாமா பின்னர் தொலைபேசியில் சொன்னார். "அந்தப் பிள்ள எதுக்க உக்காந்து போட்டுக் காட்டுச்சுப்பா. 'கூடாது'ன்னு தெளிவாக் கேட்டுச்சு. வீட்டுல எல்லாரும் எனக்குப் புத்தி மங்கிருச்சுன்னுதானே பேசுனாங்க. எனக்கு ஒண்ணும் மங்கல." அழுதுகொண்டே சொன்னார். குற்றச்சாட்டைச் சுமந்த அக்கா முதலில் துடைத்தது மாமாவின் அவமானத்தை.

என்னோடு அவர் சண்டை போடவில்லை. என் பாடங்கள் தவறாமல் வந்தன, முழுமையாக, கடைசிச் சொல் வரை. முன்பெல்லாம் கோப்போடு, "கேளு தம்பி, நல்லா வந்திருக்கு" என்று ஒரு குரல்செய்தி வரும். அது மட்டும் நின்றுபோனது. அந்தப் படிப்பை அவர் தயவில்தான் முடித்தேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். கேட்கவில்லை.

சென்ற ஞாயிறு சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தியது. தலைவர் அக்காவைத் தாயுள்ளம் என்றார். என் முறை வந்தபோது நான் பேசவில்லை. ஒலிவாங்கியைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு கோப்புகளையும் ஓட்டினேன், சங்கத்தினதை முதலில், அக்காவினதை அடுத்து. "இது அன்னைக்கு என் பையில இருந்துச்சு. இல்லன்னு சொல்லல, ஆனா எடுக்கவும் இல்ல" என்றேன். பிறகு தலைவர், "இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்குலா," என்றார். கறிபாப்புப் பலகாரமும் தேநீரும் வந்தன. நாற்காலிகள் நகர்ந்தன. செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. சங்கம் இன்றும் அதே செயலியில்தான் கோப்புகளைச் சுருக்குகிறது.

இப்போது முனியாண்டி மாமாவுக்கும் இன்னும் சிலருக்கும் நான்தான் ஒலியைப் பிரித்து அனுப்புகிறேன். அனுப்பும் முன் முழுவதும் கேட்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம். அவருடைய மன்னிப்பு என்னிடம் இல்லை. உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் தந்திருப்பார் என்பதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.