மாமா கடைக்குப் போய் வந்த கம்ப்யூட்டர்

அன்று வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் நண்பரான ரேடியோ ரிப்பேர் அந்தோணி மாமா, நான். இன்று செல்போன் கடையில் ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறியதும் எல்லோரும் கண்முன் வந்துவிட்டார்கள்.

டிவியில் இணைக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அப்பாவும் மாமாவும் ஞாயிறு பூசை முடிந்து வந்து நோண்டுவார்கள். ஒரு வாரம் அதை மாமா தன் கடைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

"ஏலே அந்தோணி, நல்ல சிப்ப உருவிட்டு செத்தத மாட்டிட்டியா?" என்றார் அப்பா.

"என்னங்க பேச்சு இது?" என்றாள் அம்மா.

நானும் மாமாவின் சட்டைப்பையைத்தான் பார்த்தேன். அவர் அதைக் கவனித்தார்.

மாமா கரண்டை நிறுத்தினார். மூடியைத் திறந்து ஒவ்வொரு சிப்பையும் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்று மட்டும் நறுக்கென்று உள்ளே இறங்கியது. மறுபடி கரண்டைப் போட்டதும் திரை தெளிந்தது.

"சூடேறி ஆறுனா சிப்பு தானா மேல கெளம்பிரும்ணே. அம்புட்டுதேன். வாரேன்."

அடுத்த தெருவில்தான் இருந்தார். அப்பா சாகும்வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பதினோரு வருடம்.