காலால் பிறந்தவள்

எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கை தவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. அன்று காலைதான் மொட்டை மாடியில் அறுபது பஸ்கி எடுத்துவிட்டு, செஞ்சிக் கோட்டை வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பியிருந்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி மலை உச்சிவரை ஏறி இறங்கியிருந்தேன். அப்படிப்பட்டவளை ஒரு துண்டு சாக்பீஸ் கவிழ்த்துவிட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்துப் பிள்ளைகளும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது எனக்கு ஐம்பது வயது. வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் முதுகுப் பிடிப்புக்கு மருந்தே நான்தான். தாயின் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்தால், அந்தப் பிள்ளையின் காலுக்குப் பிடிப்பை எடுக்கும் ராசி உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலிக்காரர் குப்புறப் படுக்க வேண்டும். காலால் பிறந்தவர் இடது காலால் மூன்று முறை மிதிக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளலாம். நான் காலால் பிறந்தவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நாலு வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு முதுகுகள் வந்துகொண்டிருந்தன.

எத்தனை முதுகுகள்! மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவருடைய முதுகு வெயிலில் கிடந்த பாறையைப் போலச் சுடும். தையல்காரர் முதுகில் எலும்பை எண்ணிவிடலாம். பஸ் டிரைவர் ஒருவர் நான் காலை வைக்கும் முன்பே "அம்மாடி, போயிருச்சு" என்பார். ஏறி நிற்கும்போது விழாமல் இருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கால் வைத்ததுமே எந்த இடத்தில் முடிச்சு என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினால் கீழே கிடக்கிற ஆள் பெருமூச்சு விடுவார். அந்த மூச்சு என் உள்ளங்காலில் ஏறும். படிப்பில், வேலையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருமூச்சுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

எல்லா முதுகிலும் எனக்குப் பிடித்தது நைனாவின் முதுகுதான். நைனா கல் குவாரியில் வேலை செய்தார். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், நான் மூன்றாமவள். சாயங்காலம் வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துவந்து, முதலில் என் காலைக் கழுவுவார். பெற்றவர் பிள்ளை காலைக் கழுவலாமா என்று யாராவது கேட்டால், "மருந்து பாட்டில கழுவி வெக்க மாட்டாங்களா, அது மாதிரிதான்" என்பார். பிறகுதான் பாயில் கவிழ்ந்து படுப்பார். அவர் முதுகில் கல்தூள் வாடை அடிக்கும், குளித்த பிறகும்.

என் காலுக்கு இருந்த மரியாதையைச் சொன்னால் என் அக்காக்கள் இப்போதும் பல்லைக் கடிப்பார்கள். அவர்கள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனபோது எனக்கு மட்டும் செருப்பு. எனக்கு முள் குத்தினால் வீடே கூடிவிடும். "ராசியான காலு, ஓடுடீ, ஓடிப் பழகு" என்று நைனா சொல்லப்போய்தான் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் நின்றேன். இருநூறு மீட்டரில் மாவட்டம்வரை போனேன். அந்த ருசி விடவில்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, கணக்கு டீச்சராகி, தலை நரைத்த பிறகும் காலையில் ஓடாவிட்டால் எனக்குப் பல் தேய்க்காத மாதிரி இருக்கும். "பேரன் எடுக்கிற வயசுல இன்னா எக்ஸர்சைஸு வேண்டிக்கெடக்கு" என்று தெருவில் கேட்டவர்களே, முதுகு பிடித்தால் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். வயதுக்கு வந்த பிறகு ஆண்கள் முதுகை அம்மா நிறுத்திவிட்டாள், நைனா முதுகைத் தவிர. பெண்கள் வருவது நிற்கவே இல்லை.

இப்போது அந்தக் காலுக்குச் சொந்தக்காரி வளைந்து நிற்கிறாள். என் காலால் என் முதுகை மிதிக்க முடியாதே! பல்லக்கு ஏற யோகம் உண்டு, உன்னி ஏறச் சீவன் இல்லை என்று அம்மா சொல்வாள். அது எனக்கென்றே சொன்னதாகத் தோன்றியது.

விழுப்புரத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் ஓடக் கூடாது, பஸ்கி கூடாது, மலை கூடவே கூடாது. "எத்தனை நாளைக்கு?" என்றேன். "முதல்ல மூணு மாசம் பார்ப்போம்மா" என்றார். அந்த 'முதல்ல' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் வீட்டுக்குள் எப்படி இருந்தேன் என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில்தான் மனம் மிகவும் அடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் பத்து வருடமாகச் சேர்ந்து மலை ஏறுகிறவர்கள். டிக்கெட் கவுண்டர் திறந்ததும் நாங்கள்தான் முதல் ஆட்கள். அவள் வேதக்காரப் பெண். ஏறி இறங்கிவிட்டு அவசரமாகக் குளித்து, சர்ச்சில் பத்தரைப் பூசைக்கு ஓடுவாள். படி ஏறுகையில் தொடையில் பிடிக்கிற சூடு, குரங்குகளுக்குப் பயந்து முந்தானைக்குள் மறைத்து வைக்கிற கொய்யா, உச்சிக்குக் கீழே பிளவின் மேல் போட்ட பாலத்தில் கால் வைத்ததும் வந்து மோதுகிற காற்று, எல்லாம் படுத்த இடத்தில் ஒவ்வொன்றாக வரும். நான் வராமல் அவளும் போகவில்லை. "நீங்க இல்லாம இன்னாக்கா மலை" என்றாள். அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. மாடியில் துணி உலர்த்தப் போனால் ராஜகிரி நேரெதிரே தெரியும் என்பதற்காக, துணி உலர்த்தும் வேலையை வீட்டுக்காரரிடமே தள்ளிவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் இன்னொரு மூன்று மாதம் என்றபோது என் பொறுமை போய்விட்டது. ஊருக்கே வேலை செய்த வைத்தியம் எனக்கு மட்டும் ஏன் வேலை செய்யாது? இன்னொரு காலால் பிறந்தவரைத் தேடினேன். அனந்தபுரத்தில், சந்தையில் கருவாடு விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார் என்று துப்புக் கிடைத்தது. கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், ஸ்கேன் படத்தைக் கண்ணால் பார்த்தவள், யாரிடமும் சொல்லாமல் வெற்றிலை பாக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். அந்த நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றபோதே முதுகு போதும் போதும் என்றது. கேட்டேனா?

அந்த அம்மா நல்ல ஆகிருதி. என்னைப் பாயில் படுக்கச் சொன்னார்கள். நான் இதுவரை மேலே நின்றவள். அன்றுதான் முதல்முறையாகக் கீழே கிடந்தேன். "நானும் காலால பொறந்தவதாம்மா" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். "அப்டியா, அப்ப நம்ம சாதி" என்று சிரித்துக்கொண்டே ஓங்கி ஒரு மிதி மிதித்தார்கள். இரண்டாவது மிதி தேவைப்படவில்லை. இடுப்பிலிருந்து இடது குதிகால்வரை கரண்ட் ஷாக் அடித்தது போல ஒரு வலி ஓடியது. நான் கத்திய கத்தலில் அந்த அம்மா பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான்தான். அங்கிருந்தவர்கள் காரில் படுக்க வைத்துத்தான் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதன்பிறகு ஒரு மாதம் படுக்கை. குளிக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொள்ள வந்து உட்கார்ந்தாள். எழுபத்தேழு வயதில் எனக்கு இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒரு மத்தியானம் நான் புலம்பிக்கொண்டிருந்தேன். "அந்தம்மா காலால பொறந்திருக்க மாட்டாங்க, பொய் சொல்லியிருப்பாங்க, அதான் இப்டி ஆயிடுச்சு" என்றேன்.

அம்மா ஒத்தடத்தை நிறுத்தினாள்.

"நீயும் காலால பொறக்கலடீ" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எல்லாப் புள்ளைங்க மாதிரி தலையாலதான் பொறந்த. மூணாவதும் பொண்ணுன்னதும் உங்க நைனா ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டாரு. உள்ளயே வரல. பொழுது சாஞ்சுது, வரல. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. ஆயாம்மா கிட்ட, காலால பொறந்திருக்குதுன்னு போய்ச் சொல்லுன்னு சொல்லி அனுப்பினேன். அவருக்குதான் எப்பவும் முதுகு புடிச்சுக்குமே. அதுக்கப்புறம்தான் உள்ள வந்தாரு. வந்து மொகத்தப் பாக்கல, மொதல்ல துணிய வெலக்கி உன் காலத்தான் தொட்டாரு."

சொல்லிவிட்டுத் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நாலு வயதிலிருந்து ஊர் முதுகில் ஏறி நின்றிருக்கிறேனே! அக்காக்களுக்கு இல்லாத செருப்பு, முள் குத்தினால் கூடிய வீடு, இருநூறு மீட்டர், காலை ஓட்டம், மலை, எல்லாமே அந்த ஒரு பொய்யிலிருந்து கிளைத்தவையா? நைனாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, சாகிறவரைக்கும் சொல்லவில்லை என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் நைனா உள்ளே வராமலே போயிருந்தால்? பச்சை உடம்போடு படுத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு எதைக் காட்டி அவரை உள்ளே வரவைப்பது என்று யோசித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தேழு.

பிறகு ஒழுங்காகப் பிசியோதெரபிக்குப் போனேன். என் பழைய மாணவி வயதுள்ள பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். படுத்தபடி முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து நிற்பது, சமதளத்தில் நடப்பது. அறுபது பஸ்கி எடுத்தவளுக்கு இதெல்லாம் எல்.கே.ஜி. பாடம். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். அவள் வைத்த பரீட்சை ஒன்றுதான்: எதையும் பிடிக்காமல் இடது காலில் மட்டும் நின்று பத்து எண்ண வேண்டும். முதல் வாரம் இரண்டுக்கு மேல் போகவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பத்து வந்தது.

ஓட்டம் இனி வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டார்கள். அதை இன்னும் நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை; காலையில் யாராவது ஓடிப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மலைக்கு மட்டும் பாதி அனுமதி கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கமலக்கண்ணி அம்மன் கோயில்வரை ஏறினேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் நாங்கள் நின்றதுகூட இல்லை. அன்று அரை மணி நேரம் உட்கார்ந்தோம். உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினோம். அவள் தனியாக மேலே போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"எனக்கு முதுகு புடிச்சிருக்குது. கொஞ்சம் மிதியேன்."

"அதான் பொய்யின்னு நீயே சொல்லிட்டியேம்மா."

"பொய்யா இருந்தா இன்னா? எனக்கு வலி கேட்டுச்சே."

பாயை விரித்தேன். அவள் உடனே படுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் மெல்லக் குனிந்து, நைனா செய்வது போலவே, என் இடது காலைக் கழுவினாள்.