செம்பில் விழுந்த புளியங்கொட்டைகள்

எங்கள் வீட்டில் அத்தைக்கு ஒரு தண்ணீர், சித்தப்பாவுக்கு ஒரு தண்ணீர். அத்தை அப்பாவின் அக்கா. சிறுவயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். அவளுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். அப்பாவின் தம்பியான சித்தப்பா குடிநீர் ஆபீஸில் வேலை பார்த்தார். அவர் குழாயில் பிடித்துக் குடிப்பார். அவர் டம்ளரை அத்தை தனியாகக் கவிழ்த்து வைப்பாள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது. மலையாளக் கரையில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்து வெகுகாலமாகியும், பல வீடுகளில் அதைத் துணி துவைக்கத்தான் வைத்திருந்தார்கள். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, தோல் பட்ட தண்ணீர் ஆசாரத்துக்கு ஆகாது என்பது பேச்சு.

இந்தப் பேச்சை மாற்ற ஆபீஸில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தெருக்கோடி பஜனை மடத்தில் சித்தப்பா ஒரு மேஜை போட்டார். மேஜைமேல் மைக்ராஸ்கோப், அதில் முதலில் கிணற்று நீர் ஒரு சொட்டு, பிறகு குழாய் நீர் ஒரு சொட்டு. பக்கத்தில் பிரித்துப்போட்ட ஒரு குழாயும் அதன் ரப்பர் வாஷரும்.

"என்னடா இது, நெளியறது?" என்றார் எதிர்வீட்டு மாமா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"உங்காத்துக் கிணத்துத் தண்ணிதான் மாமா."

"எங்கப்பா எண்பது வயசுவரைக்கும் இதைத்தான் குடிச்சார். ஒரு புழுவும் கடிக்கலே."

"செரி, இந்த வாஷரைப் பாருங்கோ. ரப்பர். இதுல எங்கே தோல்?"

"இது உங்க ஆபீஸ் குழாயாக்கும். எங்காத்துக் குழாய்க்குள்ளே நீ போய்ப் பாத்தியோ?"

மடமே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார்.

எங்கள் தெருவில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். "பேஷ்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கிணற்றில் வாளியை விடுவார்கள். அது தெரிந்துதான் சித்தப்பா ஒரு திரை கட்டி, அதன் பின்னால் ஒரு செம்பும் ஒரு மண்பானையும் வைத்தார். பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை. இனிமேல் குழாய்த் தண்ணீர் குடிப்பவர் செம்பில் போடவேண்டும். மனசு வராதவர் பானையில்.

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். மூன்று நாளும் ஜன்னல் வழியாக அவள் மடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன்.

"அந்தக் கண்ணாடியிலே நெஜமாவே தெரியறதாடி?"

"தெரியறது அத்தை. குட்டிக்குட்டியா ஓடறது."

"ஆம்பிளைகள் கூட்டம் ஒழியட்டும். நாளைக்கோ நாளன்னிக்கோ நான் வந்து பாக்கறேன். உன் சித்தப்பன்கிட்டே சொல்லாதே, அக்கா தோத்துட்டாள்னு சிரிப்பான்."

சொல்லவில்லை. சாயங்காலம் சித்தப்பா, நாளைக் காலை இன்ஜினியர் வந்து கொட்டைகளை எண்ணுவார் என்று அப்பாவிடம் சொன்னார். அவர் முகம் வாடியிருந்தது. எனக்கு அது கணக்குப் பரீட்சைபோலத் தோன்றியது. கணக்கில் தோற்று அழுதுகொண்டு வந்தவள் நான். ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் பார்த்தேன். செம்பின் அடி மூடவில்லை. பானை பாதிக்குமேல் நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் செம்பில் போட்டேன். சத்தம் கேட்காமலிருக்கப் பாவாடை நுனியைச் செம்புக்குள் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் இன்ஜினியர் எண்ணி முடித்துச் சித்தப்பாவின் முதுகில் தட்டிப் பாராட்டினார். "கொள்ளாமே! இந்தத் தெரு முடிஞ்சது. மேஜையை இன்னிக்கே அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம்."

சித்தப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மைக்ராஸ்கோப் பெட்டி குதிரை வண்டியில் ஏறிப்போனது. அத்தை ஜன்னலில் நின்றாள்.

"போயாச்சா? செரி. எல்லாம் வெறுதே, வீண்வேலை," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மண்பானை கனத்திருந்தால் மேஜை இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருந்திருக்கும், சித்தப்பா வீடுவீடாகப் போய் அந்தந்த வீட்டுக் குழாயையே கழற்றிக் காட்டியிருப்பார். அதுதான் ஏற்பாடாம். பல வருஷம் கழித்து அப்பா பேச்சுவாக்கில் சொன்னார்.

அந்த ஆடி மாசக் கர்க்கடக மழையில் கிணறு கலங்கியது. தெருவில் வாந்திபேதி வந்தது. அத்தை இரண்டே நாள்தான் படுத்திருந்தாள்.

காரியங்கள் முடிந்த அன்று சித்தப்பா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "செம்பு நெறைய எல்லாரும் நம்பினாளே அண்ணா," என்றார் அப்பாவிடம். "அப்புறம் ஏன் ஓராத்திலேயும் வாளியைக் கழட்டலே? எங்கே தப்பாச் சொன்னேன்?"

அடுத்த மாசமே சித்தப்பா எழுதிக் கொடுத்து, மீட்டர் பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். அந்த மேஜையை அவர் மறுபடி எந்தத் தெருவிலும் போடவில்லை.

அன்று நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அக்காவுக்காக மட்டும்தான் அழுகிறார் என்று நினைத்தேன். இந்தத் துக்கத்தில் செம்பாவது நிறைந்திருந்ததே, அதை நினைத்து அவர் கொஞ்சம் ஆறுதலடைவார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.