கேட் திறந்து கிடந்த இருபது நிமிடம்

கம்பத்தில், மலைமேட்டுக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வாடகை வீட்டில் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறேன். பதினாறு பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் விடிந்ததும் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி இறங்கச் சாயங்காலம் ஐந்து மணி ஆகும். பல தோட்டங்களில் சிக்னலே கிடைக்காது. ஏதாவது என்றால் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை.

திராட்சை அறுப்பு மும்முரமாக நடந்த ஒரு நாள் பகலில் கேஸ் சிலிண்டர் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஆயா கேட்டைத் திறந்து சிலிண்டரை வாங்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சாப்பாட்டுத் தட்டு வைத்தோம். ஒரு தட்டு மிஞ்சியது.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒருத்தியின் மூன்று வயது மகளைக் காணோம். குளியலறை, சமையல்கட்டு, கட்டிலுக்கு அடியில், எங்கும் இல்லை. கேட் பாதி திறந்து கிடந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தெருமுனையில் திராட்சைப் பெட்டி ஏற்றிய டிராக்டர் ஒன்று கடகடவென்று போனது. குனிந்து அதன் சக்கரங்களுக்கு அடியில் பார்த்தேன். எந்தப் பக்கம் போயிருப்பாள்? காலையில் அம்மா போன பக்கம்தானே போயிருப்பாள்? அந்த நினைப்பு வந்ததுமே ரோட்டைக் குறுக்கே தாண்டி ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். ஒரு டிரைவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"இங்கன உக்காந்திருக்கு பாருங்க டீச்சர்."

நிறுத்தியிருந்த ஜீப்பின் முன்சீட்டில் கால் நீட்டி, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், அம்மா எப்போ வரும் என்று கேட்டாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். திரும்பும் வழி முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆயா வாசலிலேயே நின்றார். பிள்ளையை வாங்கித் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. இத எதுக்கு டீச்சர் சொல்லிக்கிட்டு? சொன்னா நாளைக்கு ஒரு பிள்ளைகூட வராது."

டிரைவரும், தன் வாயிலிருந்து எதுவும் வராது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மூன்று வயதுப் பிள்ளை சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? இரண்டு மணி நேரம் நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ளைகள் தூங்கும்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தினமும் சாயங்காலம் அவள் அம்மா என் கையைப் பிடித்து, நீங்க இருக்கிறதுனாலதான் நிம்மதியா மலைக்குப் போறேன் என்பாள். இன்றைக்கும் அதையே சொன்னால் நான் என்ன முகத்தோடு நிற்பது?

ஐந்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே போய் நின்றேன். ஜீப்பிலிருந்து இறங்கியவளிடம், ஏலக்காய் வாசனை இன்னும் போகாத அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"எம்புட்டு நேரம்?" என்று கேட்டாள்.

இருபது நிமிடம் இருக்கும் என்றேன். ரோட்டைத் தாண்டித்தானே வந்திருப்பாள் என்றாள். ஆமாம் என்றேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. சிலிண்டர் வந்த நேரத்தில் நான் தங்கையோடு போனில் இருந்தேன். கல்யாணச் சேலையின் கரை என்ன நிறம் என்ற பேச்சு. அதை விழுங்கிவிட்டேன்.

மற்ற வீடுகளுக்கும் தெரிய வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னேன். கூடம் நிறைந்துவிட்டது. அவளும் வந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி முடித்ததும், வாழைக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் எழுந்தார்.

"கேட்டத் தெறந்து போட்டது யாரு?"

பொறுப்பு என்னுடையது என்றேன். நான் அதைக் கேட்கவில்லை என்றார். அப்போது சமையல்கட்டு வாசலில் நின்ற ஆயா முன்னால் வந்தார்.

"நாந்தேன். சிலிண்டர வாங்கிட்டு அப்படியே உள்ள போயிட்டேன். சொல்ல வேண்டாம்னு டீச்சர்கிட்டச் சொன்னதும் நாந்தேன்."

மறைக்கலாம் என்றவர் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நிற்கிறார். சொல்லலாம் என்ற நான் பாதியை மடியில் கட்டி வைத்திருக்கிறேன். எழுந்து போன் விஷயத்தைச் சொன்னேன், சேலைக் கரை வரைக்கும்.

பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர். ரெண்டு ராத்திரி தூங்கல. எதையோ விட்டுட்டுச் சொல்றீகன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. இன்னைக்காவது சொன்னீகளே."

அதன் பிறகு கூடம் பொங்கியது. கோபம் வந்தது, திட்டு வந்தது, நடுவிலேயே யோசனைகளும் வந்தன. ஓர் அம்மா எழுந்து, தன் மகன் ஒருநாள் தனியாகத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றதையும், அதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் இருந்ததையும் சொல்லி அழுதாள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் கேட்டை அளக்கப் போய்விட்டார், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கொண்டி வைக்க. ஆள் வந்து போனால் உடனே தலை எண்ண வேண்டும், பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டுப் பேச்சுக்குப் போன் எடுக்கக் கூடாது என்று முடிவானது. அந்தப் பிள்ளையின் அம்மா இன்னொன்று கேட்டாள்.

"அசதியில வர்றப்ப எதையும் கேக்கத் தோணாது. அன்னன்னைக்கு நடந்தத வாசல்ல எழுதிப் போடுங்க."

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. இத்தனை திட்டு வாங்கிய நாளில் இத்தனை உற்சாகம் எப்படி வந்தது என்று எனக்கே புரியவில்லை. ஆயாவும் நானும் அன்றே ஒரு கரும்பலகை வாங்கி வந்தோம்.

இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. அது நியாயம்தான். மற்றவர்கள் சாயங்காலம் பலகை முன்னால் முண்டியடித்தார்கள். யார் யாரைக் கடித்தது, யார் வழுக்கி விழுந்தது, அப்போது நான் எங்கே நின்றேன், எல்லாம் அதில் இருக்கும். நிறுத்திய ஒரு குடும்பத்து அம்மா, ஒன்றரை மாதம் கழித்து மகனோடு வந்து நின்றாள். இப்போது விடும் இடம் சரியில்லையா என்று கேட்டேன்.

"அங்கன ஒரு நாளும் ஒண்ணுமே நடக்கலன்னு சொல்றாக டீச்சர். அதான் பயமா இருக்கு."

மகன் அதற்குள் என்னைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டான். ஆயா வந்து கொண்டியைப் போட்டுவிட்டுத் தலைகளை எண்ணினார்.